அக்காவின் மகள் எயார் றைபிள் பழக வேண்டுமாம்: இந்தப் பாதை எங்கே போகும்?

வாவிக்கரை, கல்லடி | வெள்ளி இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாக மட்டக்களப்பு வெபர் மைதானத்துப் பந்தாட்டம் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறவன் நான். இன்றைக்கு வேறு கதை.

அக்காவின் மகளுக்கு 15 வயது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. போன விடுமுறைக்குக் கொழும்பில் சித்தப்பா வீட்டில் நின்றவள், அங்கே பாடசாலையில் எயார் றைபிள் (காற்றுத் துப்பாக்கி) பழகும் ஒன்றுவிட்ட தங்கச்சியோடு சுடுதளத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள். அங்கிருந்த பயிற்றுவிப்பாளர் "நீங்களும் பிடித்துப் பாருங்கோ" என்று ஒரு தாங்கியில் வைத்துச் சுடக் கொடுத்திருக்கிறார். பத்து ரவையில் ஆறு கறுப்பு வட்டத்துக்குள். அது பெரிய விஷயமில்லையாம், தாங்கியில் வைத்தால் யாரும் சுடுவார்களாம். அவர் கவனித்தது வேறொன்றை. விசையை இழுத்த பிறகும் இவள் எங்கே பட்டது என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. கன்னத்தை எடுக்காமல் இரண்டு மூன்று செக்கன் அப்படியே நின்றிருக்கிறாள். "இதைச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு மாதக்கணக்கில் போகும்" என்றாராம்.

இரவு ரயிலில் வந்து இறங்கிய பிள்ளை, பையைக்கூட வைக்காமல் குசினிக்குள் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு சொல்தான் கேட்டாள்: "துவக்கா?"

அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் என்ன பாரம் என்று இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிள்ளை இப்போது இந்தியாவுக்காகச் சுடும் இளவேனில் வாலறிவனின் போட்டிகளைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். எனக்கு விளங்காதது இதுதான். எயார் றைபிளோடு ஒரு ஆளின் வாழ்க்கை எப்படிப் போகிறது? எத்தனை வயதில் தொடங்கி, எதைத் தின்று, எங்கே போய் முடிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்காவிடம் பேச எனக்குக் கொஞ்சம் சரக்கு வேண்டும்.

கோட்டைமுனைப் பெடியன் | வெள்ளி இரவு 9.31

மச்சான், பாலத்தில் நின்று மீன் பாடுகிறதைக் கேட்கிற ஊர் எங்களுடையது. மூச்சுப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது எங்கள் பரம்பரைத் தொழில். பிள்ளையை விடுங்கோ.

சும்மா பகிடி. உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது, இழையைப் பின்தொடர்கிறேன்.

சம்மாந்துறைக் காக்கா | வெள்ளி இரவு 10.48

தம்பி வாவிக்கரை, நான் கணிதம் படிப்பிக்கிறவன். இந்த விளையாட்டை நான் பார்க்கத் தொடங்கினதே அதில் வரும் தசமத்துக்காகத்தான். இளவேனிலைப் பற்றிக் கேட்டபடியால் அவரிலிருந்தே வருகிறேன்.

1999 ஆகஸ்டில் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். (வாலறிவன் என்ற சொல்லைப் பாடசாலையில் மனப்பாடம் பண்ணாத தமிழன் இல்லை. அதை ஒலிம்பிக் பெயர்ப்பலகையில் பார்த்த அன்றைக்கு நான் வகுப்பில் அரை மணித்தியாலம் வேறு பாடம் எடுக்கவில்லை.) 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் நடத்தும் பயிற்சி நிலையத்தில் பழகினார். 2018 இல் சிட்னியில் கனிஷ்ட உலகக் கிண்ணத் தங்கம். அடுத்த வருடம், 20 வயதில், ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 251.7 புள்ளி சுட்டுத் தங்கம். அதே 2019 நவம்பரில் சீனாவின் புதியான் நகரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டித் தங்கம். அந்த நேரம் உலகத் தரப்படுத்தலில் முதலாவது ஆள் அவர்தான்.

பிறகு டோக்கியோ ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் 60 ரவைக்கு 626.5 புள்ளி, 16 ஆவது இடம். இறுதிக்குப் போவது எட்டுப் பேர் மட்டும்.

மூன்று வருடம் கழித்துப் பரிஸ். 630.7 சுட்டார். டோக்கியோவை விட 4.2 கூட. இடம்? 10.

இங்கேதான் கணக்கைக் கவனியுங்கள். அதே பரிஸில் அவரோடு நின்ற இன்னொரு இந்தியப் பெண் ரமிதா ஜிண்டால் 631.5 சுட்டு ஐந்தாவதாக இறுதிக்குப் போனார். இரண்டு பேருக்கும் வித்தியாசம் 0.8. இலக்கில் வட்டத்துக்கு வட்டம் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. அதைப் பத்தாகப் பிரித்துத்தான் தசமப் புள்ளி போடுகிறார்கள். ஆகவே 0.1 என்பது கால் மில்லிமீட்டர். 0.8 என்பது 2 மில்லிமீட்டர். ஒரு ரவையில் 2 மில்லிமீட்டர் இல்லை, 60 ரவையிலும் சேர்த்துக் கூட்டினால் 2 மில்லிமீட்டர். ஐந்தாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவில் இருப்பது என் அடிமட்டத்தில் இரண்டு கோடு.

நீங்கள் கேட்ட வாழ்க்கை அந்த இரண்டு கோட்டுக்குள்தான் போகிறது, தம்பி.

ஆரையூரான் | சனி காலை 6.20

எல்லாம் சரி. சோறு போடுமா?

என் வயது ஆட்கள் கேட்கிற கேள்வி இதுதான், கோபிக்க வேண்டாம். இந்தியாவில் ஒரு பதக்கம் எடுத்தால் அரசாங்கம் காசு கொடுக்கும், ரயில்வேயில் வேலை கொடுக்கும். இங்கே பெயர் எடுத்த துப்பாக்கி வீரர் பலர் முப்படையில் இருக்கிறவர்கள். சம்பளம், துப்பாக்கி, ரவை, பழக நேரம் எல்லாம் படைக்குள் கிடைக்கும். எங்கள் வீட்டுப் பொம்பிளைப் பிள்ளைக்கு அந்த வழி எவ்வளவு தூரம் சரிவரும் என்று வாவிக்கரைக்கே தெரியும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது பிள்ளையின் தலையில் இதை ஏற்றலாமா?

மட்டு நிர்வாகி | சனி காலை 7.05

படை பற்றிய பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழை விளையாட்டைப் பற்றியது. நல்லாகப் போகிறது, பூட்ட வைக்காதீர்கள்.

நிலா, கல்முனை | சனி பகல் 1.15

அண்ணன், இந்த இழையைப் பார்த்து மூன்று வருடத்துக்குப் பிறகு கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து உள்ளே வந்திருக்கிறேன். கொழும்பில் விடுதியில் நின்று படித்த காலத்தில் நாலு வருடம் 10 மீட்டர் சுட்டவள் நான். சர்வதேசப் போட்டி எதற்கும் போகவில்லை. ஆனால் அந்த உடுப்புக்குள் நின்று வியர்த்திருக்கிறேன், அதனால் சொல்லலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் இது கண்ணின் விளையாட்டு. உள்ளே போனால் முழுக்க இடுப்பின் விளையாட்டு. துப்பாக்கி ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதைக் கையால் தூக்கிப் பிடித்தால் இரண்டாவது நிமிடத்திலேயே தசை நடுங்கும். ஆகவே கையால் பிடிப்பதில்லை. இடது இடுப்பை இலக்கின் பக்கம் தள்ளி, இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேல் வைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்க வேண்டும். துப்பாக்கியின் பாரம் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து இடுப்புக்கு, பிறகு நேராகக் காலுக்கு இறங்கும். எலும்பு தாங்கும், தசை சும்மா இருக்கும். அந்தச் "சும்மா"வைப் பழகத்தான் வருடங்கள் போகின்றன. முதுகெலும்பு வளைந்து முறுகி நிற்பதால் நாரி (கீழ்முதுகு) நோகும். அது கட்டாயம் வரும், முதலே சொல்லிவிடுங்கோ.

கன்வஸ் மேற்சட்டையும் காற்சட்டையும் தடிப்பானவை, புதிதில் பலகை மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடக்க ஏலாது, தாராவைப் போலத்தான் நடக்க வேண்டும். உள்ளே இதயம் அடிப்பது குழலின் நுனிவரை போகாமல் இந்தச் சட்டை கொஞ்சம் தடுக்கும். கொஞ்சம்தான். கண்ணுக்கு முன்னால் உள்ள குறிகாட்டி வட்டத்துக்குள் இலக்கின் கறுப்புப் பந்து ஒவ்வொரு துடிப்புக்கும் மெல்லத் துள்ளுவது தெரியும். பழகினவர்கள் இரண்டு துடிப்புக்கு நடுவில் விசையை விடுவார்கள். எனக்கு அது எத்தனை தடவை கைகூடியது என்று விரல் விட்டு எண்ணலாம்.

விசை மிக மெல்லியது. எயார் றைபிளில் விசையின் பாரத்துக்குக் கீழெல்லை கிடையாது. விரலை அருகே கொண்டுபோய் நினைத்தாலே போதும், வெடித்துவிடும். சத்தம் "டக்" என்று ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி. அக்காவிடம் இதை முக்கியமாகச் சொல்லுங்கோ, அவர் நினைக்கிற சத்தம் இல்லை இது. நெருப்பும் இல்லை, மருந்தும் இல்லை, அடைத்து வைத்த காற்று மட்டும்.

ஆண்களும் பெண்களும் இப்போது ஒரே மாதிரி 60 ரவை, 75 நிமிடம். 2018 க்கு முன்னர் பெண்களுக்கு 40 தான். எனக்கு அந்த மாற்றம் பிடித்தது, என் நாரிக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்தத் துப்பாக்கி இருக்கவில்லை, இரவல்தான். தேசிய மட்டப் போட்டி ஒன்றுக்கு ஐந்து மாதம் பழகிப் போனேன். அன்று காலை உபகரணப் பரிசோதனையில் துப்பாக்கியின் காற்று உருளையைத் திருப்பி அதில் அடித்திருந்த திகதியைப் பார்த்தார்கள். அந்த உருளைகளுக்குப் பத்து வருட ஆயுள். எனக்குத் தந்தது பதினோராவது வருடத்தில் இருந்தது. தந்த கழகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வேறு உருளை தேடி ஓடினோம், பொருந்துகிறது கிடைக்கவில்லை. சட்டையைக் கழற்றாமலே வெளியே படியில் குந்தியிருந்தேன். கழகத்தின் பெயரைக் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைக்கு யாராவது துப்பாக்கி இரவல் கொடுத்தால் முதலில் அந்தத் திகதியைப் பாருங்கோ.

கோட்டைமுனைப் பெடியன் | சனி பகல் 1.40

தாரா நடையை வாசித்துச் சிரித்துக்கொண்டு வந்தேன், படியில் குந்தியிருந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது அக்கா.

வாவிக்கரை, கல்லடி | சனி மாலை 5.02

நிலா தங்கச்சி, உங்கள் பதிவை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். நாரி நோ கட்டாயம் வரும் என்றதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துடிப்புக்கு நடுவில் என்ற இடத்தில் "திரும்ப வாசியுங்கோ மாமா" என்றாள்.

ஆரையூரான் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. இலங்கையிலிருந்து இதில் ஒலிம்பிக் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்களா?

சூரிச் மட்டக்களப்பான் | சனி இரவு 11.55

இருக்கிறார்கள். டோக்கியோவில் பெண்களுக்கான 10 மீட்டரில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகச் சுட்டார். சிறிய அணிகளுக்கென ஒதுக்கும் அழைப்பு இடத்தில் போனவர். அதற்கு முன்னர் 2012 லண்டனில் மங்கள சமரக்கோன், அவர் 50 மீட்டர் றைபிள். பெரிய பட்டியல் இல்லை, ஆனால் கதவு மூடிக்கிடக்கவும் இல்லை. பொதுநலவாயப் போட்டியில் துப்பாக்கிச் சுடுதலை 2022 பேர்மிங்ஹாமில் எடுத்துவிட்டார்கள், 2026 கிளாஸ்கோவிலும் இல்லை. எங்கள் மாதிரி நாடுகளுக்கு அதுதான் பெரிய அடி. தெற்காசியப் போட்டியும் ஆசியப் போட்டியும் உண்டு.

இப்போது நான் இருக்கும் இடத்துக் கதை. சுவிஸில் ஊருக்கு ஊர் சுடும் கழகம் இருக்கிறது, எங்கள் ஊரில் கோயில் இருப்பது போல. என் மகன் 12 வயதில் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போனான். துப்பாக்கி கழகத்தினுடையது, சட்டை கழகத்தினுடையது, கற்றுக்கொடுக்கிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நாங்கள் கொடுத்தது வருடச் சந்தாவும் ரவைக் காசும்தான். பரிஸில் இந்த 10 மீட்டரில் வெண்கலம் எடுத்த ஓட்ரி கோன்யா இந்த நாட்டுப் பிள்ளை. டோக்கியோவில் நீனா கிறிஸ்டன் இதில் வெண்கலமும் 50 மீட்டரில் தங்கமும் எடுத்தார். ஒரு பதக்கத்துக்குப் பின்னால் எத்தனை தபால்காரர் நிற்கிறார்கள் என்று பாருங்கோ.

வாவிக்கரை, உங்கள் அக்காவுக்கு நான் சொல்ல விரும்புவது லூனா சொலமனைப் பற்றி. எரித்திரியாவிலிருந்து அகதியாக இங்கே வந்த பெண். துப்பாக்கி என்றால் அவருக்கும் விளையாட்டாக நினைவுக்கு வந்திராது. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இத்தாலிக்காரர் நிக்கோலோ கம்ப்ரியானி ஓய்வு பெற்ற பிறகு, அகதிகளாக வந்த, முன்பின் துப்பாக்கி பிடிக்காத சிலரைச் சேர்த்துப் பழக்கினார். அதில் ஒருவர் இந்த லூனா. டோக்கியோவில் அகதிகள் அணியில் 10 மீட்டர் எயார் றைபிள் சுட்டார். பட்டியலில் கடைசிப் பக்கம்தான் வந்தார். நான் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அதைப் பார்த்தேன். நானும் ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்தவன் என்பதாலோ என்னவோ, இளவேனில் தங்கம் எடுத்த நாளை விட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆரையூரான் | ஞாயிறு காலை 5.58

தம்பி, கடைசியாக வந்தவளைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டீர். சரி, கேட்டதை மாற்றிக் கேட்கிறேன். செலவு எவ்வளவு?

சூரிச் மட்டக்களப்பான் | ஞாயிறு காலை 10.30

அண்ணன், போட்டித் தரத்தில் புதிய துப்பாக்கி 2,000 ஐரோவுக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். மேல்தரம் அதற்கும் மேலே போகும். சட்டை, காற்சட்டை, சப்பாத்து, கையுறை வேறு. நல்ல ரவை 500 வரும் தகரப் பேணியில் விற்பார்கள். நாளுக்கு 80 சுட்டால் ஒரு வாரத்தில் பேணி காலி. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை இரண்டு வருடத்தில் பிடிக்காமல் போகும். இலங்கைக்குள் கொண்டுவர அனுமதி எடுப்பது தனிக் கதை. தொடக்கத்தில் வாங்கவே வாங்காதீர்கள். கழகத்துத் துப்பாக்கிதான்.

நிலா, கல்முனை | ஞாயிறு பகல் 12.10

உண்மை. நானும் வாங்கவில்லை. இன்னொன்று, பழகும் நேரத்தில் பாதிக்கு மேல் ரவையே போடுவதில்லை. வெறுந்துப்பாக்கியைத் தூக்கி, குறி பார்த்து, விசையை விட்டு, இறக்கி, திரும்பத் தூக்குவது. அதற்குச் செலவில்லை. சலிப்புத்தான் செலவு.

சம்மாந்துறைக் காக்கா | ஞாயிறு பகல் 3.33

செலவைப் பேசி முடித்துவிட்டீர்கள் என்றால் தோல்வியைப் பேசுவோமா? அக்காவிடம் பேச வாவிக்கரைக்கு அதுதான் உதவும் என்று நினைக்கிறேன். பதக்கக் கதையைச் சொன்னால் எந்தத் தாயும் நம்ப மாட்டாள்.

அபினவ் பிந்த்ராவை எடுங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் போகும்போது அவருக்கு வயது 17. 2004 ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் 600 க்கு 597 (அப்போது தகுதிச் சுற்றில் தசமம் இல்லை). எல்லாரும் பதக்கம் என்றுதான் நினைத்தார்கள். இறுதியில் ஏழாவது. அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிய வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு முதுகு நோ. 2006 இல் உலகச் சம்பியன். 2008 ஓகஸ்ட் 11, பெய்ஜிங். கடைசி ரவைக்கு முன்னர் அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமன். ஹாக்கினன் 9.7 சுட்டார், பிந்த்ரா 10.8. இந்தியாவின் முதலாவது தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அந்த 9.7 காரருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? வெள்ளி கூட இல்லை. சீனாவின் ஷு சினான் நடுவில் புகுந்து, தகுதிச் சுற்றும் இறுதியும் சேர்த்து 699.7 எடுத்தார், ஹாக்கினன் 699.4 வெண்கலம். தங்கத்தோடு சமனாக நின்ற மனிதன் ஒரு ரவையில் மூன்றாவதுக்கு இறங்கினான்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. 2012 லண்டனில் பிந்த்ரா இறுதிக்கே போகவில்லை. 2016 ரியோவில் போட்டி நாளன்று அவருடைய துப்பாக்கியின் குறிகாட்டி உடைந்தது, வேறொன்றைப் பூட்டிக்கொண்டு நின்றார். இறுதியில் உக்ரைன் வீரர் குலிஷோடு சமன். சமநிலை உடைக்க ஆளுக்கு ஒரு ரவை. பிந்த்ரா நாலாவது. குலிஷ் வெள்ளி வரை போனார்.

ஐந்து ஒலிம்பிக். ஒரு தங்கம். நாங்கள் 10.8 ஐ மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

கோட்டைமுனைப் பெடியன் | ஞாயிறு பகல் 3.50

காக்கா, இதைக் கேட்டால் அக்கா பிள்ளையைக் கொல்லைப் பக்கம்கூட விடமாட்டா. உதவி செய்கிறீர்களா, கெடுக்கிறீர்களா?

சம்மாந்துறைக் காக்கா | ஞாயிறு மாலை 4.15

உதவிதான். கடைசியில் தோற்பதற்கு ஆயத்தமாகப் போகிற பிள்ளையை நான் நம்புவேன். சரி, உங்களுக்காக ஒரு வெற்றி. பரிஸில் தங்கம் எடுத்த கொரியப் பிள்ளை பன் ஹியோஜினுக்கு 16 வயது. துப்பாக்கி பிடித்து மூன்றே வருடம். தகுதிச் சுற்றில் 634.5, ஒலிம்பிக் சாதனை. இறுதியில் சீனாவின் ஹுவாங் யூட்டிங்கோடு 251.8 இல் சமன். ஆளுக்கு ஒரு ரவை. 10.4 க்கு 10.3. கால் மில்லிமீட்டரில் தங்கம். போதுமா?

ஆரையூரான் | ஞாயிறு மாலை 6.40

மருமகளுக்கு 15. கொரியக்காரிக்கு 16. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாவிக்கரை, கல்லடி | திங்கள் இரவு 8.25

இன்றைக்கு அக்காவிடம் பேசினேன். உங்கள் எல்லாருடைய சரக்கையும் கொண்டுபோனேன், ஒன்றுமே வேலை செய்யவில்லை. தங்கம், தசமம், சுவிஸ் தபால்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு "பரீட்சை முடியட்டும்" என்றாள். லூனாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் "அந்தப் பிள்ளையின் தாய் எங்கே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு நடந்ததுதான் விஷயம். மருமகள் ஒரு காணொலியைப் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தாள், பெண்கள் இறுதிப் போட்டி ஒன்று. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. தூக்குகிறார்கள், நிற்கிறார்கள், டக், இறக்குகிறார்கள். சில பேர் சுடாமலே இறக்கிவிட்டு மூச்செடுத்துத் திரும்பத் தூக்குகிறார்கள். அக்கா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "ஏன் இவ சுடாமல் வைத்தா?" மருமகள் சொன்னாள், "சரியில்லை என்று பட்டால் வைத்துவிட வேண்டும் அம்மா. சுடாமல் வைக்கிறதையும் பழக்குவார்கள்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் எழும்பினாள்.

இதைச் சம்மதம் என்று எடுக்க ஏலாது. பரீட்சை முடியும் வரை கொழும்புக்கு மாதம் ஒரு தடவைகூடப் போக விடமாட்டாள், எனக்குத் தெரியும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நிலா, கல்முனை | திங்கள் இரவு 9.10

நிறைய இருக்கிறது அண்ணன். முதலில் நிற்கப் பழகட்டும். பலகைத் துண்டு ஒன்றைத் துப்பாக்கி நீளத்துக்கு அறுத்து, தண்ணீர்ப் போத்தலைக் கட்டுங்கோ. தொடக்கத்தில் ஒரு கிலோ போதும், ஐந்தரைக்கு ஓட வேண்டாம். முழங்கை இடுப்பு எலும்பில் இருக்கிறதா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவளுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் பிடித்து, இரண்டு நிமிடம் ஓய்வு. பத்துத் தடவை. நாரி சுள்ளென்று குத்தினால் உடனே நிறுத்த வேண்டும். வயிற்றுக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சி. காலையில் கடற்கரை மணலில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கோ, கல்லடியில் மணலுக்கு என்ன பஞ்சம்.

கறுப்புப் பொட்டு ஒன்றைச் சுவரில் ஒட்டிப் பார்க்கட்டும். கண் பொட்டில் நிற்கக் கூடாது, பலகையின் நுனியில் நிற்க வேண்டும். பொட்டு மங்கலாகத் தெரிந்தால் சரி.

சூரிச் மட்டக்களப்பான் | திங்கள் இரவு 9.44

இன்னொன்று. ஒரு கொப்பி போடச் சொல்லுங்கோ. எத்தனை நிமிடம் நின்றாள், எங்கே நொந்தது, எப்போது மனம் வேறெங்கோ போனது என்று எழுத வேண்டும். என் மகனின் தபால்காரர் முதல் நாள் கொடுத்தது துப்பாக்கி இல்லை, கொப்பி. விளையாட்டில் பெயர் எடுத்த பிள்ளைகளுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி வழி இருப்பதையும் அக்காவின் காதில் போட்டு வையுங்கோ. வழி சின்னது, ஆனால் இருக்கிறது.

வாவிக்கரை, கல்லடி | புதன் இரவு 7.50

பலகை அறுத்தாயிற்று. போத்தல் கட்டியாயிற்று. பிரச்சினை வீட்டின் நீளம். முன் வாசலிலிருந்து பின் சுவர் வரை அளந்தால் 7 மீட்டர்தான் வருகிறது. பொட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சம்மாந்துறைக் காக்கா | புதன் இரவு 8.02

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். 10 மீட்டரில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர். 7 மீட்டருக்கு அதை 0.7 ஆல் பெருக்குங்கள். 21.35. கவராயத்தை 10.7 க்கு விரித்து ஒரு வட்டம் கீறிக் கறுப்படித்தால் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். நடுவில் பத்துக்குரிய புள்ளி உண்மையில் அரை மில்லிமீட்டர். 7 மீட்டருக்கு அது 0.35. அதைக் கீற வேண்டாம், கீறினாலும் தெரியாது. உலகத்தில் ஒருத்தருக்கும் அது நின்ற இடத்திலிருந்து தெரிவதில்லை.

நிலத்திலிருந்து எந்த உயரத்தில் ஒட்டினீர்கள்?

வாவிக்கரை, கல்லடி | புதன் இரவு 8.09

கண் மட்டத்துக்கு. ஐந்தடி இருக்கும். ஏன்?

சம்மாந்துறைக் காக்கா | புதன் இரவு 8.11

1.40 மீட்டர். ஐந்து சென்ரிமீட்டர் கூடலாம், குறையலாம். உங்களுடையது கால் முழத்துக்குக் கொஞ்சம் கூட மேலே போயிருக்கிறது. அண்ணாந்து பிடித்துப் பழகினால் பிறகு திருத்த ஏலாது.

வாவிக்கரை, கல்லடி | புதன் இரவு 8.40

இறக்கி ஒட்டியாயிற்று. நான் இழுத்த வேகத்தில் சுண்ணாம்பு ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சுவருக்கு ஆர் காசு கட்டுறது?" என்று கேட்டாள், அவ்வளவுதான். மருமகள் பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் தொலைபேசியில் நிமிடம் பார்க்க வேண்டும், பிறகு எழுதுகிறேன்.